யார் சொன்னது?

ஒரு செய்தி நினைவிருப்பது வேறு. அது எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தது என்பது நினைவிருப்பது வேறு. முன்னது இருந்தால் போதும் என்றுதான் பெரும்பாலும் வாழ்ந்துவிடுகிறோம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், என் எதிரிலேயே வேலை கேட்டு வந்த ஒருவனைத் திருப்பி அனுப்பினார். மரமேறி மிளகு பறிக்கத் தெரிந்தவன் அவன். ஏன் வேண்டாமென்றீர்கள் என்று கேட்டேன்.

"அவன் சரியில்லை. எனக்குத் தெரியும்."

"யார் சொன்னது?"

நண்பர் யோசித்தார். "யாரோ சொன்னார்கள். மலைக்கே தெரிந்த விஷயம்தானே!"

சேர்வராயன் மலைக்கு இந்த மறதி பழக்கமானதுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் கொண்டுவந்த காப்பிச் செடி, இன்று ஆதியிலிருந்தே இங்கே முளைத்தது போல நிற்கிறது. வந்த வழி மறந்ததால் செடிக்கு நஷ்டமில்லை. மனிதனைப் பற்றிய பேச்சு அப்படியல்ல.

ஜெனீவாவைச் சேர்ந்த மனோதத்துவ நிபுணர் கிளபரேத், மறதி நோய் கண்ட ஒரு பெண்மணியைப் பற்றி 1911-இல் எழுதினார். கைக்குள் குண்டூசியை ஒளித்துக்கொண்டு அவளோடு கைகுலுக்கினார். குத்தியது அவளுக்கு அடியோடு மறந்துபோயிற்று. ஆனால் பின்னர் அவர் கை நீட்டியபோது, அவள் தன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். காரணம் கேட்டால், சிலர் கையில் ஊசி வைத்திருப்பதுண்டு என்று பொதுவாகச் சொன்னாளே தவிர, தன்னைக் குத்தியதைச் சொல்லத் தெரியவில்லை.

கனடாவில் ஷாக்டர் முதலியோர் 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதே திசையில் போகிறது. மறதி நோயாளிகளிடம் சில கற்பனைச் செய்திகளைச் சொன்னார்கள். பிறகு கேட்டபோது, சில செய்திகள் அவர்கள் நினைவில் இருந்தன. சற்று முன் அந்த அறையில் கேட்டவை என்பது மட்டும் இல்லை. இதை 'மூல மறதி' என்கிறார்கள். செய்தி ஒன்று, அதைக் கேட்ட இடம், வேளை, சொன்ன முகம் இவை வேறு. இவற்றைச் சேர்த்துக் கட்டும் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது.

சொன்னவன் யாராயிருந்தால் என்ன, பொருளைப் பார்ப்பதுதானே அறிவு என்று வள்ளுவரைத் துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. ஆனால் பொருளைச் சோதிக்க வேண்டுமானால், அது ஒரு வாயிலிருந்து வந்தது என்றாவது நினைவிருக்க வேண்டாமா? அது மறந்த கணமே, காதால் கேட்டது கண்ணால் கண்டதாகிவிடுகிறது. கண்டதை யார் சோதிக்கப் போகிறார்கள்? ஒரு ஜாதியையோ ஒரு குடும்பத்தையோ கண்டதும் கூசிப் பின்வாங்கும் கைகளில் எத்தனை கைகளை உண்மையிலேயே ஊசி குத்தியிருக்கும்? பாட்டனைக் குத்தியதாகச் சொல்லப்பட்ட ஊசிக்குப் பேரன் கையை இழுத்துக்கொள்கிறான்.

ஜெனீவாப் பெண்மணி மேல் குற்றமில்லை. அவளுக்குத் திரும்பிப் போகும் வழி அடைந்துவிட்டது. நமக்கு அந்த வழி பாதியாவது திறந்திருக்கிறது, நடக்கத்தான் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு ஒருவன் தன் பிழைப்பையும், ஒருத்தி தன் கல்யாணத்தையும் விலையாகக் கொடுக்க நேர்கிறது.

பொய் சொல்லாதிருப்பது மட்டும் சத்தியமல்ல. கேட்டதைக் கேட்டதென்றே மனத்தில் வைத்திருப்பதும், மூலம் நினைவில்லாத பழியைப் பிறர் தலையில் ஏற்றாதிருப்பதும் சத்தியத்தைச் சேர்ந்தவைதாம்.