யூனாவின் மறுப்பு: தியாகம் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

பிறருக்காக உயிரீந்தோரைப் போற்றாத சமூகம் எதுவுமில்லை. பழந்தமிழர் நட்ட நடுகல்லும், கிரேக்கர் அரங்கேற்றிய அவல நாடகமும், சமயங்கள் பேணும் தியாகியர் வரலாறும் இதற்குச் சான்று பகர்வன. ஆயினும் தியாகத்தைப் போற்றுதல் வேறு. அதனை ஆராய்தல் வேறு. உயிர் கொடுப்பவரின் உள்ளம் தூயதாயிருத்தல் மட்டும் ஒரு தியாகத்தை அறமாக்கிவிடுமா? எதற்காக அவ்வுயிர் கேட்கப்படுகின்றது, கேட்போர் கூறும் காரணம் மெய்யானதுதானா என வினவுதலும் அறத்தின்பாற் பட்டதாகாதா?

இவ்வினாக்களை ஓர் இளம்பெண்ணின் வாழ்வினூடாக எழுப்பும் ஆக்கமொன்று, கலை இலக்கிய விமர்சகர் பலர் இன்னும் பொழுதுபோக்கு என்றே ஒதுக்கும் துறையொன்றில் தோன்றியது. யப்பானின் ஸ்குவெயர் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கென 2001ஆம் ஆண்டு வெளியிட்ட 'பைனல் ஃபாண்டசி 10' என்னும் வீடியோ விளையாட்டே அது. அதன் கதையாக்கத்தில் முதன்மைப் பங்கு வகித்தவர் கசுஷிகே நோஜிமா. அதன் கதாநாயகியான யூனாவின் ஆளுமையும் உணர்ச்சி வளர்ச்சியும் மேற்கூறிய வினாவிற்கு எவ்வாறு விடை காண முனைகின்றன என்பதே ஈண்டு நோக்கப்படுகின்றது.

ஸ்பிரா என்னும் கற்பனை உலகை 'சின்' என்ற அழிவுப் பேருரு ஆயிரம் ஆண்டுகளாகச் சூறையாடி வருகின்றது. ஆங்கிலத்தில் பாவத்தைக் குறிக்கும் சொல்லே அதன் பெயராயிற்று. இயந்திரங்களில் மயங்கிய மாந்தரின் பாவத்திற்குக் கிடைத்த தண்டனையே சின் என்றும், மக்கள் முற்றாகக் கழுவாய் தேடும் நாளில் அது நீங்கும் என்றும் யெவொன் சமயம் போதிக்கின்றது. அதுவரை அதனைத் தற்காலிகமாக வெல்ல வழி ஒன்றே உண்டு. 'அழைப்பாளர்' எனப்படுவோர் ஆலயந்தோறும் யாத்திரை செய்து, 'ஏயொன்' எனும் பேராற்றல் உருக்களை வரவழைக்கும் வலிமையைப் பெறுவர். ஈற்றில், பாழடைந்த சனார்கண்ட் நகரில் 'இறுதி ஏயொன்' என்பதைப் பெற்றுச் சின்னை அழிப்பர். அழிக்கும்போது தாமும் மடிவர். பின்னர் மக்களுக்குச் சில காலம் அமைதி கிட்டும். மீண்டும் சின் தோன்றும். மீண்டும் ஒருவர் யாத்திரை புறப்படுவார். யூனாவின் தந்தை பிராஸ்கா பத்தாண்டுகளுக்கு முன்னர் இவ்வாறு மடிந்தவர். பதினேழு வயதில் மகளும் அதே வழியைத் தேர்ந்துகொள்கிறாள்.

யூனாவின் தொடக்க நிலை ஆளுமையைப் பணிவு, கருணை, தன்னடக்கம் என்னும் மூன்று சொற்களுள் அடக்கலாம். ஆயின் இப்பண்புகளின் உள்ளே பயிற்றப்பட்ட ஓர் அடக்குமுறை இருப்பதைக் கதை நுட்பமாக உணர்த்துகின்றது. சின்னினால் அழிவுற்ற கிலிக்கா என்னும் கரையோர ஊரில், இறந்தோரின் ஆவிகளை வழியனுப்பும் நடனத்தை அவள் நீரின்மேல் ஆடுகிறாள். ஆடி முடித்ததும் கண்ணீர் வடிக்கும் அவளை அவளது காவலர்களுள் ஒருத்தியான லூலு அணைத்துத் தேற்றி, அடுத்த முறை அழாதிருக்குமாறு கூறுகிறாள். அன்பினால் கூறப்பட்டதெனினும் அது ஒரு சமூகத்தின் கட்டளையே. துயருறும் வேளையில் புன்னகை புரியத் தான் பழகிக்கொண்டதாக யூனாவே பின்னர் ஒப்புக்கொள்கிறாள். தன் யாத்திரையைக் காண்போர் நம்பிக்கை இழக்கலாகாது என்பது அவள் எண்ணம். சாகப்போகும் ஒருத்தி, தன் சாவு பிறர்க்குச் சங்கடம் தராதிருக்கும் பொருட்டுச் சிரிக்கப் பழகுகிறாள். இதனை மனவுறுதி என்பதா, அன்றி உணர்ச்சியின் மறுதலிப்பு என்பதா?

யூனாவின் இரண்டாம் நிலை, சுமையைத் தனித்தே தாங்க முனையும் நிலையாகும். யெவொன் சமயத் தலைவர்களுள் ஒருவனாகிய சீமோர் தன் தந்தையைக் கொன்றவன் என்பதை அறிந்த பின்னரும், தன்னைக் காப்போர் எவரிடமும் அதனைக் கூறாது, அவனை மணக்க இசைவதன் மூலம் நீதியை நாட்டலாம் என அவள் எண்ணுகிறாள். அம்முயற்சி தோல்வியுறுகின்றது. தன்னை ஒரு பொருட்டாகக் கருதாதவள் பிறரின் உதவியைக் கேட்கவும் அறியாதவளாகிறாள். தியாக மனப்பான்மையின் பிறிதொரு குறைபாடு இது. தனக்கு எதுவும் வேண்டாம் என்பவர், தம்மை நேசிப்போருக்குத் தம்மீதுள்ள உரிமையையும் மறுத்துவிடுகின்றார்.

இதனையடுத்து அவளது நம்பிக்கை உடைகின்றது. சமயபீடத்தின் உச்சியிலிருக்கும் மிக்கா, இறந்த பின்னரும் ஆட்சி புரிபவர் என்பதும், இயந்திரங்களைத் தடைசெய்த சமயமே தன் காவலுக்கு அவற்றைப் பயன்படுத்துவதும் வெளிப்படுகின்றன. அன்றிரவு மகலானியாக் காட்டின் சுனையில் யூனா முதன்முறையாகத் தடையின்றி அழுகிறாள். யாத்திரையைக் கைவிடலாமா என்றும் எண்ணிப் பார்க்கிறாள். எனினும் தொடர்வதென்றே முடிவு செய்கிறாள். புறத்தே நோக்கின் எதுவும் மாறவில்லை. அகத்தே பெரியதொரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. அதுவரை சமயம் விதித்த கடமையாக இருந்த சாவு, இப்போது மக்களின் துயர் நீக்கும் பொருட்டு அவளே ஏற்றுக்கொண்ட தீர்மானமாகின்றது.

கதையின் உச்சம் சனார்கண்டில் நிகழ்கின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் சின்னை முதன்முதல் வென்ற யூனலெஸ்காவின் ஆவி அங்கே உண்மையை உரைக்கின்றது. இறுதி ஏயொன் என்பது அழைப்பாளரின் நெஞ்சுக்கு நெருங்கிய ஒருவர் உருமாறுவதால் ஆவது. சின்னை அழித்த பின் அந்த ஏயொன்தானே அடுத்த சின்னாக மாறுகின்றது. எனவே கழுவாய், மீட்சி யாவும் பொய். உண்மை அறிந்தால் மக்கள் துயரைத் தாங்கார். ஆதலால் அவர்களுக்குப் பொய்யான நம்பிக்கையாவது வேண்டும் என்பது யூனலெஸ்காவின் வாதம். யூனா மறுக்கிறாள். தந்தையை நேசிப்பதாகவும், ஆனால் அவர் நம்பிய பொய்யை ஏற்க முடியாதெனவும், துயரத்தோடு வாழத் தான் ஆயத்தம் எனவும் அவள் கூறுகிறாள். பின்னர் தோழரோடு சேர்ந்து யூனலெஸ்காவையே அழித்துவிடுகிறாள்.

இம்மறுப்பு வளர்ச்சியா, முரண்பாடா? கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் 'ஔலிசில் இபிஜெனியா' என்னும் நாடகத்தில் இதற்கு எதிர்த்திசையில் செல்லும் ஒரு பெண்ணைப் படைத்தார். உயிர்ப்பிச்சை கேட்டு மன்றாடும் இபிஜெனியா, பின்னர் நாட்டின் பொருட்டுத் தானே பலியாக முன்வருகிறாள். முன்னர் மன்றாடியவளுக்கும் பின்னர் தோன்றுபவளுக்கும் ஒற்றுமையில்லை என்று அரிஸ்டோட்டில் தமது 'கவிதையியல்' நூலில் இப்பாத்திரத்தைக் குறை கூறினார். சாகத் துணிந்து பின்னர் சாக மறுத்த யூனாவின்மீதும் அக்குறையைச் சுமத்தலாம் எனத் தோன்றும். ஆயின் அவளிடத்து மாறியது எது, மாறாதது எது எனப் பகுத்து நோக்குதல் வேண்டும். மக்களின் துயரை நீக்குதல் என்னும் நோக்கம் தொடக்கம் முதல் இறுதிவரை ஒன்றே. சாவு அத்துயரை நீக்காது, அதனை மீளப் பிறப்பிக்கும் என்னும் அறிவே புதியது. நோக்கம் மாறாதிருக்க வழி மாறுவது முரண்பாடாகாது. நோக்கத்தை உண்மையாகவே நேசித்தவரால் மட்டுமே பயனற்ற வழியை அவ்வாறு கைவிட இயலும்.

மேலைத்தேய ஒழுக்கவியலாளர் கருத்தும் இங்கு ஒப்பு நோக்கற்பாலது. மனிதரை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது, தன்னளவில் இலக்காகவும் கொள்ளல் வேண்டும் என்றார் காண்ட். அழைப்பாளரையும் காவலரையும் தலைமுறைதோறும் செலவிடும் ஸ்பிராவின் முறைமை இவ்விதியை மீறுவது வெளிப்படை. அவர்கள் விரும்பியே இசைந்தனர் என்று விடை கூறவும் இயலாது. உண்மை மறைக்கப்பட்ட இடத்தில் பெறப்படும் இசைவு இசைவாகாது. பயன்பாட்டுவாதியான ஜோன் ஸ்டூவர்ட் மில்லோ, இன்பத்தின் மொத்தத்தைப் பெருக்காத தியாகம் வீணானது என்றார். சமூக நன்மையை அளவுகோலாகக் கொண்டவரே தியாகத்தைத் தன்னளவில் நன்மையாக ஏற்காமை கவனத்திற்குரியது.

யூனலெஸ்காவின் வாதத்திற்குத் தமிழ் அறமரபிலும் ஆதரவு தேடலாம். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் உரைத்த கருத்து. அமைதிக் காலத்தில் குழந்தைகள் அச்சமின்றி வளர்கின்றனர். அது நன்மையன்றோ எனலாம். ஆனால் வள்ளுவர் வெறும் நன்மையைக் கூறவில்லை, குற்றம் நீங்கிய நன்மையையே கூறினார். அடுத்த அழிவின் வித்தினைத் தன்னுள்ளே கொண்ட நன்மை அத்தகுதியைப் பெறாது.

எனினும் யூனாவின் செயலுக்கு எதிரான வலிய மறுப்பொன்றை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. யூனலெஸ்காவை அழித்ததன் மூலம், இறுதி ஏயொன்னைப் பெறும் வழியை அவள் எல்லோருக்கும் அடைத்துவிட்டாள். மாற்று வழி யாதும் அவள் கையில் அப்போது இருக்கவில்லை. குறுகியதாயினும் உறுதியான ஓர் ஆறுதலை, மக்களிடம் கேளாமலே பறிக்க அவளுக்கு என்ன உரிமை? செய்தி அறிந்த மிக்கா, இனி நம்பிக்கை எதுவுமில்லை என மனமுடைந்து மறைவது இதனாலேயே. பின்னர் சின் என்றென்றைக்குமாக அழிக்கப்படுவது உண்மை. ஆயின் அவ்வெற்றியைக் காட்டி அவளது முடிவைச் சரியென நிறுவுவது நேர்மையான வாதமாகாது. அவள் தோற்றிருந்தால் உலகம் அவளை எவ்வாறு நினைவுகூர்ந்திருக்கும்? ஒழுக்கத் தீர்ப்பில் நற்பேற்றின் பங்கினைப் பற்றி மெய்யியலாளர் பேர்ணாட் வில்லியம்ஸ் எழுப்பிய சிக்கல் இதுவே.

அவளுக்குச் சார்பாகக் கூறத்தக்கது ஒன்றுண்டு. அவள் மறுத்துவிட்டு விலகிச் செல்லவில்லை. மறுப்பின் விளைவைத் தானே சுமந்தாள். இறுதிப் போரில், தன்னோடு யாத்திரை முழுவதும் துணைநின்ற ஏயொன்களைத் தானே வரவழைத்துத் தானே அழிக்க வேண்டியவளாகிறாள். அவற்றோடு, அவள் நேசித்த டீடஸும் மறைந்துபோகிறான். சாவை மறுத்தவள் இழப்பை மறுக்கவில்லை. கதையின் முடிவில் திரளான மக்கள்முன் நின்று, இழந்தோரை என்றும் மறவாதிருக்குமாறு அவள் கேட்கிறாள். துயரை மறைக்கப் புன்னகை பழகியவள், துயரைப் பொதுவில் பேசக் கற்றுக்கொண்டாள். 2003இல் வெளிவந்த 'பைனல் ஃபாண்டசி 10-2' என்னும் தொடர்ச்சியிலும், ஒருவர் தம்மைப் பலியிட்டு வெல்லும் திட்டமொன்று முன்வைக்கப்படும்போது, வெல்வதற்காக இழக்க வேண்டிய போர்கள் இனி வேண்டாம் என அவள் சினந்து எதிர்க்கிறாள். சனார்கண்டில் எடுத்த முடிவு ஒரு கணத்தின் கொந்தளிப்பன்று என்பதை இது காட்டுகின்றது.

விளையாட்டு என்னும் கலைவடிவம் இக்கதைக்குச் சேர்க்கும் பொருளையும் குறிப்பிடல் தகும். விளையாடுபவர் கதையின் பெரும்பகுதியில் இயக்குவது யூனாவை அன்று, டீடஸையே. அழைப்பாளர் மடிவர் என்பதைச் சூழவுள்ள அனைவரும் அறிவர். வேற்றிடத்திலிருந்து வந்த டீடஸ் மட்டும் அறியான். சின்னை வென்றபின் என்னென்ன செய்யலாம் என அவளிடமே உற்சாகமாகப் பேசுகிறான். அவனோடு சேர்ந்து பல மணிநேரம் உழைத்து, ஒவ்வொரு தடையாக நீக்கி, அவளை அவளது சாவிடத்தை நோக்கி இட்டுச் செல்பவர் விளையாடுபவரே. உண்மை வெளிப்படும்போது டீடஸுக்கு ஏற்படும் வெட்கம் அவருக்கும் உரியதாகின்றது. நாடகத்தைக் காண்போருக்கும் நாவலை வாசிப்போருக்கும் இத்தகைய பொறுப்பு நேரடியாக ஏற்படுவதில்லை.

தொகுத்து நோக்கின், யூனாவின் உணர்ச்சி வளர்ச்சியைச் சாவுக்கு அஞ்சாமையில் காண இயலாது. அது அவளிடம் தொடக்கத்திலேயே இருந்தது. சாகத் துணிந்த பின்னரும் அச்சாவின் காரணத்தை வினவும் துணிவை அவள் பெற்றதே வளர்ச்சியாகும். இளையோரின் தூய உள்ளத்தைப் போற்றும் சமூகம், அவ்வுள்ளத்திற்கு உண்மையைச் சொல்லும் கடமையையும் உடையது. அக்கடமையைத் தவறவிட்ட சமூகம் எழுப்பும் நினைவுச்சின்னங்கள் எத்துணை உயரமாயினும், அவை மாண்டோருக்குச் செய்யும் மரியாதையாகா.