கலங்கிய கடலின் படங்கள்

சென்னையில் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டவர்களிடம், கடலுக்கடியில் எடுத்ததிலேயே உங்களுக்குப் பிடித்த படத்தைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தமானின் ஹேவ்லாக் வரும். லட்சத்தீவு வரும். வசதி உள்ளவர்களிடமிருந்து மாலத்தீவு வரும். கண்ணைப் பறிக்கும் நீலம், அதில் ஓர் ஆமை, மேலிருந்து சாய்வாக இறங்கும் வெயில். நீலாங்கரைக்கு எதிரே, அவர்கள் முதன்முதலாக முழுகிப் பழகிய கடலில் எடுத்த படம் மட்டும் வராது. எடுத்திருப்பார்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். யாருக்கும் காட்டுவதில்லை.

ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சில மாதங்களுக்கு ஒருமுறை டைவிங் நண்பர்கள் கூடுவோம். தரமணியில் வேலை பார்க்கும் இரண்டு மூன்று பேர், ஒரு பல் டாக்டர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜக்டரில் ஆளுக்குச் சில படங்கள் போடுவோம். மீனம்பாக்கத்து விமானச் சத்தம் அடங்கும்வரை பேச்சை நிறுத்திவிட்டுத் தொடர்வோம். ஒரு கூட்டத்தில் அப்பாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நீல நீலமாகப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "இது நம்ம கடலா?"

"இல்ல அங்கிள், அந்தமான்" என்றார் பல் டாக்டர்.

"அப்ப நம்ம கடல் எங்க?"

காட்ட எடுத்துவைத்த படங்களில் ஒருவரிடமும் இல்லை. டாக்டர் தன் லேப்டாப்பில் தேடி, பச்சையாக, பனிமூட்டம்போல ஏதோ ஒன்று தெரிகிற படத்தை எடுத்துப் போட்டார். "விஸிபிலிட்டியே இல்ல அங்கிள், அதான் போடல" என்றார். அப்பா அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தெளிவாகத் தெரிவதை மட்டும்தான் நம்மால் நேசிக்க முடியுமா? கலங்கிக் கிடப்பது நம் வாசலிலேயே இருந்தாலும், அதைத் தாண்டி எட்ட இருக்கும் தெளிவைத் தேடிப் போவதுதான் மனித இயல்பா?

சென்னைக் கடல் ஏன் கலங்கியிருக்கிறது என்பதற்கு ஒரு பதில் எல்லோருக்கும் தெரியும். கூவமும் அடையாறும் கொண்டுவந்து கொட்டும் கழிவு. அது உண்மைதான், அதை மன்னிக்கவும் முடியாது. ஆனால் அது பாதிப் பதில். கண்ணுக்குத் தெரியாத தாவர, விலங்கு மிதவையுயிரிகள் கோடிக்கணக்கில் மிதக்கும் நீர் பச்சையாகத்தான் இருக்கும். கரையோரக் கடலில் ஆறுகள் கொண்டுவரும் சத்தும், காற்றும் நீரோட்டமும் அடியிலிருந்து கிளறிவிடும் சத்தும் சேர்ந்து அவற்றை வளர்க்கின்றன. நெத்திலியும் மத்தியும் அந்த மிதவையுயிரிகளைத் தின்று வாழ்கின்றன. அந்தச் சிறு மீன்களைத் தின்று சீலாவும் வஞ்சிரமும் வாழ்கின்றன. நாம் ஆசைப்படும் அந்தப் பளிங்கு நீலம், பெரும்பாலும் தின்ன எதுவும் அதிகம் இல்லாத நீரின் நிறம். காசிமேட்டில் விடிகாலையில் கூடை கூடையாக இறங்கும் மீனுக்குப் பின்னால் இருப்பது இந்தப் பச்சை.

எது கழிவு, எது உயிர் என்று கரையில் நின்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கலங்கலாகத்தான் தெரியும்.

கடலுக்கடியில் எடுக்கப்பட்ட முதல் படமே கலங்கல்தான். 1856 பிப்ரவரியில், இங்கிலாந்தின் தென்கரையில் வேமத் ஊரில், வில்லியம் தாம்ஸன் என்கிற வழக்கறிஞர் ஒரு பெட்டிக்குள் கேமராவை வைத்துக் கண்ணாடி பொருத்திக் கடலுக்குள் 18 அடி ஆழத்தில் இறக்கினார். அவர் படகில் இருந்தபடியே மூடியைத் திறந்தார். பத்து நிமிடம் ஒளி விழவிட்டார். அழுத்தம் தாங்காமல் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆனாலும் தகட்டில் பாறையும் பாசியும் மங்கலாகப் பதிந்திருந்தன. மனிதன் கண்ட முதல் கடலடிப் படம் அது. கடலடியின் நிறத்தை மக்கள் படத்தில் பார்க்க இன்னும் எழுபது ஆண்டு பிடித்தது. 1927 ஜனவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ்தான் முதல் வண்ணக் கடலடிப் படங்களை வெளியிட்டது. ஃப்ளோரிடா பக்கம் எடுத்தவை அவை. வெளிச்சத்துக்காக மெக்னீசியப் பொடியை மிதவையில் வைத்துக் கொளுத்தினார்கள்.

வெளிச்சத்துக்கு அவ்வளவு பாடு ஏன் என்றால், தண்ணீர் நிறத்தைத் தின்றுவிடும். முதலில் சிவப்பு போகும். பத்து மீட்டர் இறங்குவதற்குள் அநேகமாக முழுவதும் போய்விடும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள். கை கிழிந்து ரத்தம் வந்தால் அந்த ஆழத்தில் அது கருப்பாகவோ பச்சையாகவோதான் தெரியும். ஆகவே ஸ்ட்ரோப் என்று ஒரு விளக்கைத் தூக்கிக்கொண்டு போகிறோம். அந்த விளக்கின் ஒளியையும் தண்ணீர் தின்னும் என்பதால், கடலடிப் புகைப்படம் கற்றுத்தருபவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான்: கிட்டப் போ. போதுமான அளவு கிட்டப் போய்விட்டதாகத் தோன்றினால், இன்னும் கொஞ்சம் போ.

கிட்டப் போவதற்கு முன்னால் கற்கவேண்டியது இன்னொன்று இருக்கிறது. தண்ணீருக்குள் அசையாமல் நிற்கப் பழக வேண்டும். மிதவைக் கட்டுப்பாடு வராதவர் கையில் கேமராவைக் கொடுத்தால், துடுப்பால் மணலைக் கிளப்பி, பவளத்தை உடைத்து, மீனையும் விரட்டிவிடுவார். மேலே வந்து படம் நன்றாக வந்ததா என்று பார்ப்பார். குச்சியால் குத்தி, கையால் நகர்த்தி, கடல்குதிரையை வசதியான இடத்தில் வைத்துப் படமெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் மாடியில் அதற்கு இடமில்லை.

சென்னைக் கடலில் கிட்டப் போவது விருப்பம் சார்ந்த விஷயம் இல்லை. வேறு வழியே கிடையாது. நீலாங்கரையிலிருந்து கூட்டிப்போகும் படகுக்கார அண்ணன் ஜி.பி.எஸ். வைத்திருந்தாலும், கரையைப் பார்த்துத்தான் பார் எனும் கடலடிப் பாறைத்திட்டைக் கண்டுபிடிப்பார். ஒரு பக்கம் இரண்டு கட்டடங்கள் ஒரே நேரில் வரவேண்டும். இன்னொரு பக்கம் ஒரு டவரும் ஒரு தென்னந்தோப்பின் ஓரமும். இரண்டும் பொருந்தியதும் நங்கூரத்தைப் போடுவார். "இன்னிக்கு கலங்கலா கீது, பாத்துப் போங்க" என்பார்.

அப்படி ஒரு நாள் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கியபோது, நீட்டிய கையின் விரல்நுனி மங்கலாகத் தெரிந்தது. கீழே, மீன்கள் தங்குவதற்காகக் கடலில் போட்டிருக்கும் சிமென்ட் உறைவிடங்களில் ஒன்று. அதன்மேல் சிப்பியும் கடற்பஞ்சும் அப்பி, சிமென்ட்டே தெரியவில்லை. ஒரு பொந்துக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கார்டினல் மீன். தாடை ஏதோ வீங்கினாற்போல இருந்தது. லென்ஸை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனபோதுதான் புரிந்தது: வாய் முழுக்க முட்டை. இந்த இனத்தில் ஆண்தான் அடைகாக்கும். பெண் இட்ட முட்டைகளை வாயில் வாங்கிக்கொண்டு, குஞ்சு வெளிவரும்வரை இரை எடுக்காமல் கிடக்கும். அவ்வப்போது ஒரு கணம் வாயைத் திறந்து, முட்டைகளைப் புரட்டி, புது நீர் படவிட்டு மூடிக்கொள்ளும். அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தேன். மூச்சை அடக்கக் கூடாது என்பது ஸ்கூபாவின் முதல் விதி. மெதுவாக, நீளமாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். திறந்தது. ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளிப் புள்ளியாக இரண்டு கண்கள். நூற்றுக்கணக்கான கண்கள் அந்த வாய்க்குள்ளிருந்து என்னைப் பார்த்தன.

படத்தின் பின்னணி முழுக்க வெள்ளைப் புள்ளிகள். ஸ்ட்ரோப் வெளிச்சம் மிதக்கும் துகள்களில் பட்டுத் திரும்புவதால் வருவது, பேக்ஸ்கேட்டர் என்போம். கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அழிக்கலாம். நான் அழிக்கவில்லை. என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான். தெளிந்த நீரில் நாற்புறமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு அந்தப் பொந்தைத் தாண்டிப் போயிருப்பேன்.

உலக அளவில் கொண்டாடப்பட்ட ஒரு படத்திலும் இப்படியொரு கலங்கல் உண்டு. பிரெஞ்சுக்காரரான லோரான் பலெஸ்டா 2021-இல் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர் விருது வாங்கிய படம். பிரெஞ்சு பாலினேஷியாவின் ஃபகராவா தீவில், ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலை பௌர்ணமியை ஒட்டிக் களவா இன மீன்கள் ஆயிரக்கணக்கில் கூடி இனப்பெருக்கம் செய்யும். அதைப் படமெடுக்க அவரும் குழுவினரும் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அங்கே போனார்கள். படத்தில் மீன்கள் விட்ட முட்டையும் விந்தும் பால்மேகமாக எழுகின்றன. அந்த மேகம்தான் படத்தின் உயிர்.

நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களை எம். பழனிகுமார் எடுத்த படங்கள். ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, ரப்பர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லாமல் மூச்சடக்கி முழுகி, பாறையிடுக்கில் பாசி பறிக்கிறார்கள். ஐஸ்கிரீமிலும் மருந்திலும் சேர்கிற அகார் அந்தப் பாசியிலிருந்து வருகிறது. பழனிகுமார் மதுரைக்காரர், உழைக்கும் மக்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படமெடுத்து வருபவர். இந்தப் படங்களில் கடல் சுற்றுலாத் தலமாக இல்லை, வேலை நடக்கும் இடமாக இருக்கிறது. கடலடிப் படம் என்றாலே வெறும் மீனும் பவளமும்தான் என்ற எண்ணத்தை எனக்கு மாற்றியவை அவை.

பார்க்காததற்கு யாரும் துக்கப்படுவதில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு வெட்டி எடுத்தார்கள். ஒரு மலையை இப்படி வெட்டியிருந்தால் ஊர் பார்த்திருக்கும். 2010-இலும் 2016-இலும் கோடையில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசி வெளியேறிவிட, வெள்ளை எலும்பாக நின்றன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்து ஆய்வாளர்கள் முழுகிப் பார்த்துப் பதிவுசெய்திராவிட்டால், அது நடந்ததாகவே நமக்குத் தெரிந்திருக்காது.

பார்த்துவிட்டால் கதை வேறு. சென்னையில் மாணவர்கள் 1988-இலிருந்து, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். எத்தனையோ பேர் அவர்களோடு நடந்து, குஞ்சு கடலுக்குப் போவதைத் தம் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் இறந்த ஆமைகள் சென்னைக் கரையில் ஒதுங்கியபோது நகரமே பதறியதற்கு அந்த நடையும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். வலையில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் அவை செத்த இடம், நாங்கள் பச்சைத் தண்ணீர் என்று படம் காட்டாமல் ஒதுக்கிய அதே கடல்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அவருக்கு மறதி நோய். பெயர்கள் மாறிப்போகும், காலங்கள் கலந்துபோகும். சொந்தக்காரர்கள் வருவது குறைந்துவிட்டது. "முன்ன மாதிரி இல்லையேம்மா, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு" என்று அம்மாவிடம் போனில் சொல்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களிடம் இருப்பது பழைய அப்பாவின் படம்: தெளிவாகப் பேசுகிறவர், எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் கணக்குப் பார்த்தவர். அந்தப் படத்தைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

நான் முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்காருகிறேன். கேள்வி கேட்பதில்லை, கேட்டால் பதில் தேடித் தவித்துப்போவார். சும்மா இருந்தால், எங்கிருந்தோ ஒன்று எழும்பி வரும். ஆதம்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிரம்பியிருந்த காலத்தில் துண்டை விரித்து மீன் பிடித்தது, கெண்டை துண்டுக்குள் துள்ளியபோது இடுப்பில் பட்ட குளிர்ச்சி, பக்கத்தில் நின்ற தம்பி சிரித்த சிரிப்பு. இதை அவர் தெளிவாக இருந்த நாட்களில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியிருக்காது, எனக்கும் அவ்வளவு கிட்ட உட்காரத் தோன்றியிருக்காது.

நோயை நான் அழகாக்கிச் சொல்லவில்லை. அடையாற்றுக் கழிவை யாரும் அழகு என்று சொல்லக் கூடாது, இதையும் அப்படித்தான். இரவில் பயந்து எழுந்து கதவைத் திறக்கப் போகும் அப்பாவைப் பிடித்துக் கூட்டிவரும்போது அதில் ஓர் அழகும் இல்லை. ஆனால் கலங்கலுக்குள் எது நோய், எது அப்பா என்று பிரித்தறிய எட்ட நிற்பவர்களால் முடியாது. அவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

மாடிக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னபோது எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. வங்கி அம்மா ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: "மோசமா இருக்கறத காட்டினா ஜனங்க கடலை வெறுத்துருவாங்களே? அழகைக் காட்டித்தானே ஆசை வர வைக்கணும்?" அவர் சொல்வதில் உண்மை உண்டு. 2022-இல் செஸ் ஒலிம்பியாடுக்காக, அதன் சின்னமான, வேட்டி கட்டிய 'தம்பி' பொம்மை வேடத்தில் டைவர்கள் நீலாங்கரைக் கடலுக்கடியில் சதுரங்கம் ஆடிய படத்தை ஊரே பார்த்து மகிழ்ந்தது. நம் கடலுக்கு அடியிலும் ஓர் இடம் இருக்கிறது என்று பலருக்கும் அதில்தான் தெரிந்தது. ஆசைக்கு அது போதும். ஆனால் ஆசையோடு நின்றுவிட்டால், கலங்கிய முதல் நாளே விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்பது என் பயம். அழகான படத்தோடு, அதே இடத்தின் கலங்கிய படத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்கிறேன். வாடைக்காற்றில் ஒன்று, கோடையில் ஒன்று, மழை வெள்ளம் வந்து கலந்த மறுவாரம் ஒன்று.

அதைச் செய்ய ஆரம்பித்திருக்கிறோம். அந்த சிமென்ட் உறைவிடத்தை, கடல் விடும் மாதங்களில் எல்லாம், ஒரே பக்கத்திலிருந்து ஒரே தூரத்தில் படமெடுப்பது என்று முடிவு. தண்ணீர் எப்படி இருந்தாலும் எடுக்க வேண்டும், புள்ளிகளை அழிக்கக் கூடாது. படகுக்கார அண்ணனின் மகன் டைவிங் படித்து முடித்துவிட்டான். அவனுக்கு ஒரு சின்ன கேமராவும் அதற்குத் தண்ணீர் புகாத ஹவுசிங்கும் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்திருக்கிறோம். நாங்கள் வார இறுதியில் மட்டும் போகிறவர்கள், அவன் தினமும் கடலுக்குப் போகிறவன். முதல் வரிசைப் படங்கள் வந்துவிட்டன. முக்கால்வாசி பச்சை. ஒன்றில் கிழிந்த வலைத்துண்டு சிமென்ட்டில் சுற்றிக் கிடக்கிறது. அதை எடுத்துவிட அடுத்த ஞாயிறு கத்தியோடு இறங்குகிறோம்.