பத்ருக்குப் போகாதவருக்குப் பத்ரில் பங்கு

மனைவி நோயுற்றுப் படுக்கையில் கிடக்கிறாள். அவளுக்குப் பணிவிடை செய்வதிலேயே கணவனின் பொழுதெல்லாம் கழிந்துவிடுகிறது. ஜமாஅத் தவறுகிறது, சில வாரங்களில் ஜும்ஆவும் தவறுகிறது. இவன் இபாதத்தில் குறைந்தவனா? இந்தக் கேள்வி ஒரகடத்தில் ஒரு வீட்டில் நம்மிடம் கேட்கப்பட்டது.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரை நம்பியிருந்த கிராமங்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. பிறகு அடுத்தடுத்து ஆலைகள். தென்மாவட்டங்களிலிருந்து நம் பிள்ளைகள் பலர் வந்து, வாடகை வீடு பிடித்துக் குடியேறிவிட்டார்கள். ஊரில் ஒரு வீட்டில் நோய் என்றால் மாமியும் கொழுந்தியாளும் அடுத்த வீட்டு லாத்தாவும் வந்து நிற்பார்கள். இங்கே கதவைச் சாத்திவிட்டால் கணவனும் மனைவியும்தான்.

நாம் சென்றிருந்த வீட்டுச் சகோதரர் இராமநாதபுரம் கடற்கரையைச் சேர்ந்தவர். மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் கண்டுவிடும். இவருக்கோ ஷிப்டு வேலை. நைட் ஷிப்டு வாரத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலை ஏழு மணி. இரவெல்லாம் தாயின் பக்கத்தில் படுத்திருந்த மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மனைவியைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி புகட்டி, மாத்திரை கொடுத்து, பிறகுதான் கண்ணயர வேண்டும்.

மஹல்லாவில் ஒருவர் இவரிடம், செல்வமும் மக்களும் அல்லாஹ்வின் நினைவை விட்டு உங்களைத் திருப்பிவிட வேண்டாம் என்ற கருத்துள்ள ஆயத்தை எடுத்துச் சொல்லி, “மனைவிக்காக ஜும்ஆவை விடலாமா?” என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து மனிதருக்கு நிம்மதியில்லை.

ஆயத்து சத்தியம். ஆனால் அது இவருக்குப் பொருந்துமா?

ஹிஜ்ரி 2-ம் ஆண்டு ரமளான் மாதம் பத்ருப் போர். முஸ்லிம்கள் முன்னூற்றுச் சொச்சம் பேர். எதிரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர். ஒவ்வொரு மனிதரும் தேவைப்பட்ட நேரம் அது. அந்த நேரத்தில் ஹளரத் உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே தங்கிவிடுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காரணம், அவர்களுடைய மனைவியும் அண்ணலாரின் திருமகளாருமான ருகைய்யா (ரலி) அவர்கள் நோயுற்றிருந்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் உமக்குண்டு என்ற வாக்கும் அவர்களுக்குக் கிடைத்தது. கூலி மறுமையில் என்று சொல்லி அதோடு நிறுத்திவிடவில்லை. கனீமத்துப் பொருளிலும் பங்கு ஒதுக்கப்பட்டது. புகாரியில் பதிவான செய்தி இது.

அந்த நோய் குணமாகவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. வெற்றிச் செய்தியோடு ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) மதீனாவுக்கு வந்து சேர்ந்தபோது, ருகைய்யா (ரலி) அவர்களின் கப்ரின் மீது மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பணிவிடை பலிக்கவில்லையே என்று பங்கு குறைக்கப்படவில்லை.

ஜும்ஆவைப் பற்றியும் சொல்லிவிடுவோம். ஸயீத் இப்னு ஸைத் (ரலி) நோயுற்றிருக்கிறார்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை கேள்வியுற்ற இப்னு உமர் (ரலி), ஜும்ஆ நெருங்கிய அந்த நேரத்திலும் வாகனமேறி அவர்களிடம் சென்றார்கள், ஜும்ஆவை விட்டார்கள். சுன்னத்தைப் பின்பற்றுவதில் இப்னு உமர் (ரலி) எத்தனை பேணுதலானவர்கள் என்பது யாவரும் அறிந்ததே. பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாத நோயாளியைக் கவனிப்பவருக்கு ஜும்ஆ கடமையில்லை, லுஹர் தொழுதால் போதும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஷாஃபிஈ நூல்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, வேறு ஆள் இருந்தாலும், இவர் பக்கத்தில் இருப்பதில் நோயாளியின் மனம் ஆறுதலடையுமானால் அதையும் ஒரு காரணமாக ஏற்றுக்கொள்கின்றன. மருந்து கொடுக்கும் கையை மட்டுமல்ல, வெறுமனே அருகில் உட்கார்ந்திருப்பதையும் ஷரீஅத் கணக்கில் எடுத்திருக்கிறது. அடுத்த வீட்டு அம்மாள் ஒரு மணி நேரம் வந்து இருக்கவும், நோயாளியும் மனம் நிறைந்து அனுப்பவும் செய்தால் ஜும்ஆவுக்குப் போய் வருவதே அழகு.

கேள்விக்கு விடை இவ்வளவே. ஆனால் அன்று நம் மனத்தை உறுத்தியது வேறொன்று.

அச்சகோதரர் தவறிப்போன ஜும்ஆக்களை விரல்விட்டு எண்ணிச் சொன்னது மனைவியின் கட்டிலுக்கு அருகில் அமர்ந்துகொண்டுதான். எந்தக் கெட்ட எண்ணமும் அவருக்கில்லை, ஆற்றாமையால் சொன்னார். அந்தப் பெண்மணி மெல்ல முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு உள்ளே பேசிக்கொண்டிருந்த நம் வீட்டார் வந்து சொன்ன செய்தி இது: அப்பெண்மணிக்குப் பல நாட்கள் லுஹரும் அஸரும் களாவாகின்றன. ஒளுச் செய்வதற்கு அவரை எழுப்பக் கூச்சம். “என்னாலே அவங்களுக்குத் தூக்கமும் போச்சு, ஜமாஅத்தும் போச்சு. தண்ணி கொண்டாங்கன்னு இன்னும் எத்தனை தடவைதான் கேக்குறது?” என்றாராம்.

கணவர் தம்முடைய இபாதத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கவலையின் நிழலிலேயே மனைவியின் பர்ளு தொழுகை கைநழுவிக்கொண்டிருந்தது.

கொடுத்த தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் மனம் நோகச் செய்தும் பாழாக்கிவிட வேண்டாமெனத் திருமறை எச்சரிக்கிறது. இதைக் காசு பணத்துக்கு மட்டும் உரியதென்று நாம் எண்ணிவிடுகிறோம். பணிவிடையும் தர்மந்தானே! அதுவும் கட்டிலை விட்டு எழுந்து போக முடியாதவருக்கு முன்னால் சொல்லிக்காட்டினால், அவர் எங்கே போவார்? பெருமூச்சும் சொல்லிக்காட்டுதல்தான். பத்ரின் பங்கு உஸ்மான் (ரலி) அவர்களுக்கு எந்த வழியாக வந்தது? ருகைய்யா (ரலி) அவர்களின் நோய்ப்படுக்கை வழியாக. அப்படியானால் இங்கே யார் யாருக்குக் கடன்பட்டவர்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கணவனுக்கு இதே பணிவிடையைப் பத்தாண்டு செய்யும் பெண்கள் நம் வீடுகளில் எத்தனையோ பேர். அதைக் கடமை என்று சொல்லி ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். ஆண்மகன் செய்தால் மட்டும் அது தியாகமாகிவிடுகிறது. நாமும் உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறோம்.

ஒளு விஷயத்தில் அவர்களுக்கு உண்மையாகவே ஒரு சிக்கல் இருந்தது. இருவரும் ஷாஃபிஈ மத்ஹபினர். கணவன் மனைவி தோலோடு தோல் பட்டால் ஷாஃபிஈயில் இருவருக்கும் ஒளு முறிந்துவிடும், ஹனஃபீயில் முறியாது. வெறுங்கையால் அவர் மனைவிக்கு ஒளுச் செய்து முடிக்கும்போதே அது முறிந்துவிடுகிறது என்று குழம்பிப் போயிருந்தார்கள். கையில் உறையோ துணியோ சுற்றிக்கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. பிறருக்கு ஒளுவுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் தாழ்வும் இல்லை. பிரயாணத்தில் பெருமானார் (ஸல்) அவர்களுக்கே முகீரா (ரலி) ஊற்றியிருக்கிறார்கள். நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம்.

இதையெல்லாம் வாசலுக்கு அழைத்துப்போய்த்தான் அவரிடம் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் நின்றார். உள்ளே அஸருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மேலும் ஒன்றும் கேட்கவில்லை. போய்ப் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்துவந்து, தோளிலிருந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார். “கேக்காமலே கொண்டாந்துட்டீங்க” என்றார் அந்தப் பெண்மணி.