பிரமாதமும் இம்சையும்

பிள்ளை புது மோட்டார் சைக்கிளில் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றால், திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் "பிரமாதமாக ஓட்டுகிறான்" என்று மகிழ்வதுண்டு. பேச்சு வழக்கில் அச்சொல் பாராட்டு. நம் ஆசாரியர்களோ கவனமின்மை, மறதி, மயக்கம், சோர்வு ஆகிய அனைத்தையும் சேர்த்துப் 'பிரமாதம்' என்றனர். இம்சைக்கு இலக்கணம் கூறப் புகுந்த உமாஸ்வாமி ஆசாரியர், தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், உயிர் போவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை; பிரமாதத்தின் வழியே அது நிகழ்வதைத்தான் இம்சை என வரையறுத்தார். எனவே திண்ணைப் பெரியவர் சொல்வது சில வேளைகளில், அவரே அறியாமல், சாஸ்திரப்படி உண்மையாகிவிடுகிறது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். இத்தனை உயிர்கள் போயினவே, இவற்றுள் எத்தனை வெறுப்பினால் போயின என்று கேட்டால், அநேகமாக ஒன்றும் இல்லை. வண்டி ஓட்டிய ஒவ்வொருவரும் "வேண்டுமென்றா செய்தேன்?" என்றுதான் கேட்பார். கேள்வி நியாயமானதாகவே தோன்றுகிறது. கொல்லும் எண்ணம் இல்லாத இடத்தில் இம்சை எப்படி வரும்? எண்ணத்தைப் பெரிதாக மதிக்கும் நம் சமயம் இதற்கு என்ன விடை தருகிறது?

அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் தந்த விடை இருபுறமும் கூர்மையானது. கவனத்தோடு ஒழுகுபவனால் ஓர் உயிர் போக நேர்ந்தாலும் அவனை இம்சை சாராது. கவனமின்றி ஒழுகுபவன் முன் எந்த உயிரும் சாகாவிட்டாலும் அவனை இம்சை சாரும். முன்பகுதி ஆறுதலாக இருக்கிறது. என்னிடம் பயின்ற ஒருவர், நிதானமாகவே ஓட்டி வந்தும், திடீரெனக் குறுக்கே ஓடிவந்த முதியவர் மீது மோதிவிட்டார். பல மாதங்கள் உணவு இறங்காமல் தவித்தார். அவருக்கு நான் எடுத்துச் சொன்னது அந்த முன்பகுதியைத்தான். பின்பகுதியைத்தான் நம் இளைஞர்கள் எளிதில் ஏற்கமாட்டார்கள். பத்தாண்டுகள் பறந்து பறந்து ஓட்டி, ஒருவரையும் இடிக்காத வாலிபன் தன்னைத் திறமைசாலி என்று எண்ணுகிறான். எதிரே எவரும் வராததுதான் அவனுடைய திறமை. நாட்டுச் சட்டம் விளைவைப் பார்க்கிறது: கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு ஆறு மாதம் வரை சிறை, அதே ஓட்டத்தில் ஓர் உயிர் போனால் ஐந்தாண்டு வரை என்று பாரதிய நியாய சம்ஹிதை கூறுகிறது. செயல் ஒன்றே; குழந்தை ஒன்று தெருவுக்கு வந்ததா இல்லையா என்பதே வேறுபாடு. கர்மத்தின் கணக்கு அந்தக் குழந்தைக்காகக் காத்திருப்பதில்லை.

முனிவர்களுக்கு விதித்த ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. பகலில், முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்து, உயிர்களை மிதிக்காமல் நடத்தல். 'இல்லறத்தார்க்கு, அதுவும் வண்டியில் செல்வோர்க்கு, இது எப்படிப் பொருந்தும்?' எனலாம். கணக்குப் பாடம் நடத்திய பழக்கத்தால் இதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் நான்கு முழத்தை ஒரு நொடிக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடக்கிறார். கண் கண்டதும் கால் நிற்க அந்த நேரம் போதும். மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 17 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்கவே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். பிடித்தபின் காய்ந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 20 மீட்டர். மொத்தம் 37 மீட்டர், அதாவது எண்பது முழம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நூற்றிருபது முழத்துக்கு மேல். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. மழை பெய்திருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. ஆக, நான்கு முழம் என்பது நடப்பவனின் அளவு. தன் விளக்கொளி விழும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடியாதவன், கண்ணைத் திறந்துகொண்டே குருடனாகச் செல்கிறான்.

வழிநடையின் அறத்தைத் தமிழில் கவுந்தியடிகளை விட நுட்பமாகச் சொன்னவர் இல்லை. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், மதுரைக்குப் புறப்பட்ட கோவலனிடம் அவர் வெயிலைப் பற்றி மட்டும் எச்சரிக்கவில்லை. களை பறிப்போர் வரப்பில் இட்ட குவளைப் பூக்களில் வண்டுகள் கிடக்கும், நடந்த களைப்பில் அறியாமல் அவற்றின் மேல் அடி வைத்துவிடக் கூடும் என்கிறார். களைப்பு, அறியாமை, அடி வைத்தல் என்ற மூன்றும் ஒரே தொடரில் வருகின்றன. திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்துச் சாலைகளை அறிந்தவர்களுக்கு இது பழங்கதையாகத் தோன்றாது. அறுவடைக் காலத்தில் சாலையில் பாதி நெல் காய்கிறது. பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் இருட்டில் அசைந்து செல்கிறது. உழவர் சைக்கிளில் புல்லுக்கட்டோடு திரும்புகிறார். இரவுப் பணி முடித்துச் சென்னையிலிருந்து தூக்கக் கண்ணோடு வரும் மகனுக்கு, கவுந்தியடிகள் சொன்ன களைப்புதான் முதல் பகை.

தூக்கமும் பிரமாத வகைகளுள் ஒன்றே. விகதை எனும் வீண்பேச்சு நான்கு, கஷாயம் நான்கு, புலன்கள் ஐந்து, நித்திரை, சினேகம் எனப் பதினைந்தாக நூல்கள் வகுத்தன. இவற்றுள் எது இன்று வண்டியில் ஏறவில்லை? வீண்பேச்சு செல்பேசியாகத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இருக்கிறது. 'அவன் என்னை முந்துவதா?' என்று கைப்பிடியை முறுக்க வைப்பது மானமும் குரோதமும். செவிப்புலன் பாட்டுக் கேட்கிறது. பின்னால் வரும் பேருந்தின் ஒலி அதற்கு எட்டுவதில்லை.

கடைசியில் நிற்கும் சினேகத்தை ஓட்டுபவனை விடப் பெற்றோரிடமே நான் அதிகம் காண்கிறேன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினான் என்று பதினைந்து வயதுப் பையனுக்கு வண்டி வாங்கித் தரும் தந்தையிடம் இருப்பது அன்புதான். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று வாயில்களாலும் வினை வரும் என்று நாம் பாராயணம் செய்துகொண்டே இருக்கிறோம். சாவி தருவது செய்வித்தல். பின்னிருக்கையில் அமர்ந்து "இன்னும் கொஞ்சம் வேகமாகப் போ" என்னும் நண்பன் மட்டுமன்றி, ஒன்றும் சொல்லாமல் சிரிக்கும் பாட்டியும் உடன்பட்டவளே. இதில் சட்டமும் பிற்பாடு நம் வழிக்கு வந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பதினெட்டு நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து, பையனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் இல்லை. பதினாறு வயதில் ஓட்டலாமே என்பார் சிலர். அது கியர் இல்லாத 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சி.சி.யைத் தாண்டியவை.

தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறோம். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கிறோம். இவற்றை எந்தப் பள்ளியிலும் கற்றவர்கள் அல்லர் நம் பிள்ளைகள். தாய் வடிகட்டுவதைப் பார்த்து வடிகட்டினார்கள். வண்டியும் அவ்வாறே வருகிறது. நாற்சந்தியில் சிவப்பு விளக்கைத் தாண்டும் தந்தையின் முன்னே, பெட்ரோல் தொட்டியின் மேல் அமர்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தை அப்போதே ஓட்டப் பழகத் தொடங்கிவிட்டது. பொன்னூர் மலைக்குக் குடும்பத்தோடு புறப்படும் நாளில் அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள். வண்டிச் சாவியை மாட்டும் ஆணி எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அந்தந்த வீட்டார் பிள்ளைகளின் வயதைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம்.