ருசி பார்ப்பதும் தின்பதும்

எனக்குச் சர்க்கரை வியாதி வந்து எட்டு வருஷம் ஆகிறது. இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நாணயம். நான் எழுத உட்கார்ந்திருப்பது கேக், பிஸ்கட் சமாசாரம். அவற்றைத் தின்னக் கூடாதவன் அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா என்பது கேள்வி. கேள்வி அதோடு நிற்கவில்லை என்பதால்தான் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

விழுப்புரத்து நண்பர் ஒருவர் மகளைத் திண்டிவனத்தில் கொடுக்கிறார். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக நாலு பிஸ்கட்டும் ஒரு துண்டு கேக்கும் வைப்பது என்று கல்யாணப் பெண்ணே முடிவு செய்துவிட்டாள். (தேங்காயைத் தூக்கிக்கொண்டு எவன் பஸ் ஏறுவான் என்பது அவள் வாதம். எனக்குப் பதில் தெரியவில்லை.) அறுநூறு பை. எந்தக் கடையில் சொல்வது? "நீதான் விமர்சகனாச்சே, ரெண்டு ஊர்லயும் போய் ருசி பாத்துட்டு வந்து சொல்லு" என்றார் நண்பர். கேலிதான். ஆனால் நான் போனேன். டாக்டர் ஒரு விள்ளல் தின்றால் ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு விள்ளலை எத்தனை கடையில் தின்னலாம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

விழுப்புரத்தில் ஆறு கடை, திண்டிவனத்தில் நாலு. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பஸ் நிலையத்துக்கு எதிரே, புதுச்சேரி போகும் சாலையில், திண்டிவனத்தில் மேம்பாலத்துக்கு அருகே. நம் ஊர்ப் பேக்கரிகள் எல்லாமே டீக்கடைகள். முன்னால் பாய்லர், பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் முட்டை பப்ஸ், தேங்காய் பன், கிரீம் பன், ஜாம் ரோல், தேன் கேக், உப்பு பிஸ்கட், காரா பிஸ்கட், ரஸ்க். மேலே கண்ணாடி ஜாடியில் பொறை. இந்தப் பொறையை மனிதர்கள் டீயில் நனைத்துத் தின்பதையும் பார்த்திருக்கிறேன். காலடியில் நிற்கும் தெருநாய்க்கென்றே வாங்கிப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். ருசி பார்க்கிறேன் என்று எந்தக் கடையிலும் யாரும் பொறையை எடுத்து நீட்டவில்லை.

ருசி பார்க்கக் கேட்பதற்கு ஒரு தோரணை இருக்கிறது. "மொத்தமா எடுக்கணும்" என்று சொல்ல வேண்டும். உடனே முதலாளி முகம் மாறும், கத்தி வரும், கட்டைவிரலில் பாதி அளவு ஒரு துண்டு, கிழித்த காகிதத்தின் மேல். அதை நாக்கில் உருட்டிக்கொண்டு கூரையைப் பார்க்க வேண்டும். இரண்டாவது கடையிலேயே இதில் நான் தேறிவிட்டேன். சின்ன நோட்டில் குறிப்பும் எழுதினேன். ஒரு கடையில் நெய் பிஸ்கட் என்று எழுதியிருந்ததில் வனஸ்பதி வாடை. இன்னொன்றில் டீ கேக்கில் வெனிலா எசன்ஸ் தூக்கல். வேறொரு கடையில் பிஸ்கட்டில் லேசான அம்மோனியா நெடி. பிஸ்கட் பொரபொரவென்று எழும்ப அம்மோனியம் பைகார்பனேட் சேர்ப்பார்கள். அடுப்புச் சூட்டில் அது முழுவதும் வாயுவாகப் போய்விட வேண்டும். பிஸ்கட் தடிமனாக இருந்து வேக்காடும் போதாவிட்டால் நெடி உள்ளேயே தங்கிவிடும். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் பிஸ்கட்டினால் வந்ததல்ல என்பதைக் குறிப்பிட வேண்டும். பிஸ்கட் நன்றாக இருந்திருந்தால் அத்தனை சந்தோஷம் வந்திருக்காது.

டேவிட் ஹ்யூம் ரசனையின் அளவுகோல் பற்றி 1757இல் எழுதிய கட்டுரையில் டான் குவிக்ஸாட்டிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். சாங்கோ பான்சாவின் உறவினர்கள் இருவர் ஒரு பீப்பாய் மதுவைச் சோதிக்கிறார்கள். நல்ல மதுதான், ஆனால் தோல் வாடை அடிக்கிறது என்கிறான் ஒருவன். இரும்பு வாடை என்கிறான் மற்றவன். ஊர் சிரிக்கிறது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய ஒரு சாவி கிடக்கிறது. நுண்ணிய நாக்கு உண்டு, அது சொல்வது பண்டத்தில் நிஜமாகவே இருக்கிறது என்பதற்கு ஹ்யூம் காட்டும் சாட்சி அந்தச் சாவி. விமர்சகன் எவனுக்கும் மிகவும் பிடிக்கக்கூடிய கதை. எனக்கும் பிடித்ததுதான். பத்துக் கடையில் ருசி பார்த்த பிறகு ஒன்று உறுத்துகிறது. அந்த இருவரும் சாவியைக் கண்டுபிடித்தார்கள், சரி. மதுவைக் குடித்தார்களா? பீப்பாயைக் காலி செய்தது யார்? சிரித்தவர்கள்தானே?

கான்ட் இன்னும் கறாராகப் பேசுகிறார். 1790இல் வெளிவந்த நூலில், பசி நல்ல சமையற்காரன், பசித்தவனுக்குத் தின்னக் கூடியது எல்லாம் ருசிக்கும், ஆகவே அவன் தேர்வில் ரசனை இல்லை, தேவை தீர்ந்த பிறகுதான் கூட்டத்தில் யாருக்கு ரசனை இருக்கிறது என்று தெரியும் என்கிற அர்த்தத்தில் எழுதுகிறார். அப்படிப் பார்த்தால் கான்ட் தேடிய ஆள் நான்தான். பசி இல்லை. தின்னவும் அனுமதி இல்லை. பண்டம் எனக்கு வேண்டியதில்லை, கல்யாணமும் என் வீட்டுக் கல்யாணம் இல்லை. காசும் நான் கொடுக்கவில்லை. பற்றற்ற நாக்கு! நாக்கின் இன்பத்தை அழகோடு சேர்க்கவே கான்ட் சம்மதிக்கவில்லை என்பது வேறு விஷயம். நமக்கு அந்தச் சங்கடமும் இல்லை. தமிழில் சுவை என்ற ஒரே சொல் நாக்குக்கும் கவிதைக்கும் பொது. பரத முனிவர் ரசத்தை விளக்கப் புகுந்தபோது, பல வியஞ்சனங்கள் கூடிய சோற்றை உண்டு மகிழ்பவனைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். உண்டு மகிழ்பவன். விள்ளல் பார்ப்பவன் அல்ல.

சுவை பண்டத்திலா இருக்கிறது என்பதும் எனக்குச் சந்தேகமாகிவிட்டது. இந்தப் பக்கத்தில் கோதுமை விளைவதில்லை. சர்க்கரைக்குக் குறைவில்லை, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற ரயில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையைக் கடந்துதான் போகிறது. கிழக்கே மரக்காணத்தில் உப்பளம். (நூறு பங்கு மைதாவுக்கு இரண்டு பங்கு உப்பு, ரொட்டிக்கு. அதைக் குறைத்தால் ரொட்டி சப்பென்று ஆவதோடு மாவும் கட்டுக்கு நிற்காது.) மாவு மட்டும் வெளியிலிருந்து வந்தது, ரொட்டி என்ற சங்கதியே வெளியிலிருந்து வந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில் 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் இருந்து, அங்கே ரொட்டி அன்றாட ஆகாரமாக இருந்தபோதும், எங்கள் வீடுகளில் ரொட்டி என்றால் காய்ச்சல். ஜுரம் வந்தவனுக்குத்தான் ரொட்டி வாங்குவார்கள். பாலில் நனைத்து அம்மா ஊட்டுவாள். காய்ச்சல் விட்டதும் ரொட்டியும் நின்றுவிடும். இன்றும் பேக்கரி வாசலில் ரொட்டி வேகும் வாசனை வந்தால் எனக்கு உடம்பு சுடுவது போல இருக்கிறது, கூடவே யாரோ நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போலவும் இருக்கிறது. இதை நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது? ரொட்டியின் குணமா, என் குணமா?

எதிர்க்கோடியையும் நினைத்துப் பார்த்தேன். மணிமேகலையில் காயசண்டிகைக்கு யானைத்தீ என்ற பசிநோய். எவ்வளவு தின்றாலும் அடங்காது. அவள் எதையும் ருசித்திருக்க முடியாது. 1993 வரை விழுப்புரத்தோடு ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த வடலூரில், வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே பந்தியில் உட்கார்ந்தவனிடம் குழம்பு எப்படி என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஆபாசமாக இருக்கும். ஏன் ஆபாசம்? இதற்கு எனக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. ஆனால் பசித்தவனிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்றை வைத்துக்கொண்டுதான் நான் ஊர் ஊராக அலைந்தேன் என்பது உறைத்தது.

திண்டிவனத்தில் கடைசிக் கடை. மாலை ஆறு மணி இருக்கும். முதலாளி இல்லை. மாஸ்டரே உள்ளேயிருந்து வந்தார். அறுபது வயது சொல்லலாம். புருவத்திலும் முன்கை ரோமத்திலும் மாவு. அப்போதுதான் தட்டை வெளியே இழுத்திருந்தார். தேங்காய் பிஸ்கட் ஒன்றை உடைத்துச் சூட்டோடு என் கையில் வைத்தார். அடிப்பக்கம் தீய்ந்திருந்தது. கசப்பு நாக்கில் நின்றது. அது எனக்குப் பத்தாவது கடை, ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு சார்?"

"நல்லா இருக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். "எனக்குத் தெரியமாட்டேங்குது சார். ராத்திரி பூரா எசன்ஸும் சீனியும் மூக்குல ஏறி, நாக்கு செத்துப்போச்சு. நீங்க மாதிரி நாலு பேரு சொன்னாத்தான் தெரியுது."

அவர் சொன்னது உடற்கூறுப்படியும் சரிதான். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. ஒரே மணத்தில் கிடக்கும் மூக்கு கொஞ்ச நேரத்தில் அதைக் கவனிப்பதை விட்டுவிடும். செய்கிறவனுக்கு நாக்கு இல்லை. ருசி பார்க்கிறவனுக்கு வயிறு இல்லை. தன் நாக்குக்குப் பதிலாக என் நாக்கை வைத்துக்கொண்டு அவர் வேலை செய்கிறார். நான் அதில் ஒரு பொய்யை வைத்துவிட்டு ரயிலேறினேன்.

விள்ளல் பார்ப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. முழுவதையும் தின்றுதான் தீர்மானிக்க வேண்டும் என்றால் எவனாலும் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. ரசனைதான் விமர்சனம் என்று க.நா.சு.வும், அலசிக் காட்டினால்தான் விமர்சனம் என்று செல்லப்பாவும் நின்ற காலத்திலிருந்து நம் வட்டம் இதைப் பேசி வந்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒன்று. கேட்டவனுக்குக் கிடைத்தது அவர்கள் நிஜமாக நினைத்தது. க.நா.சு.வின் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று வருத்தப்பட்டவன்கூட, அது முகதாட்சண்யத்துக்காகப் போட்ட பட்டியல் இல்லை என்று நம்ப முடிந்ததால்தான் வருத்தப்பட்டான். நாம் என்ன செய்கிறோம்? நூறு பேர் எழுதி அதே நூறு பேர் படிக்கிற இடத்தில், கையெழுத்துப் பிரதியை நீட்டி முகத்தைப் பார்க்கிற இளைஞனிடம் 'நல்லா இருக்கு' என்கிறோம். ரயிலுக்கு நேரமாகிவிடுகிறது. எனக்குத் தெரிந்து ஒருவன் அந்தச் சொல்லை நம்பிப் பதினைந்து வருஷம் ஒரே கவிதையை எழுதிக்கொண்டிருக்கிறான். முதலில் அவனிடம் அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த வாரம் நண்பர் தானே பார்க்க வேண்டும் என்று கிளம்பினார். சம்பந்தி ஊர்க் கடையையும் விட்டுவிடக் கூடாதாம். மறுபடி அதே கடை. மாஸ்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டி, "போன வாரம் சொன்னீங்களே சார், அதே பக்குவத்துலதான் இறக்கிட்டிருக்கேன்" என்றார். அடிப்பக்கம் கறுப்பு. ஒரு வாரமாக, தினமும்.

"மாஸ்டர், தீஞ்சிருக்கு" என்றேன். "போன வாரமும் தீஞ்சுதான் இருந்தது. நான்தான் சொல்லலை."

அவர் பிஸ்கட்டைத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்; படவில்லை. கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பத்தொன்பது இருபது வயது இருக்கும். காலையிலிருந்து நிற்கிறவன். இரண்டு கடியில் தின்றான். "நல்லாத்தான இருக்கு மாஸ்டர்" என்றான். இன்னொன்றும் எடுத்துக்கொண்டு போனான். நான் போன வாரம் சொன்ன அதே சொல். அவன் பொய் சொல்லவில்லை.

மாஸ்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி இழுத்துப் பாக்கறேன்" என்றார். பிறகு, "வந்து சொல்லுவீங்களா சார்?" என்று கேட்டார்.

நண்பர் அதற்குள் விழுப்புரத்துக் கடையிலேயே சொல்லிவிடுவது என்று தீர்மானித்து வெளியே போய் நின்றிருந்தார். திண்டிவனத்தில் மறுநாள் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வருகிறேன் என்றேன். மறுநாள் காலை விழுப்புரத்தில் பாசஞ்சர் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது பேராணி தாண்டும்வரை எனக்கு வேறு நினைப்பே இல்லை, நேற்றையதைவிட நன்றாக இல்லாவிட்டால் என்ன சொல்வது என்பதைத் தவிர.