ஐஸ்கட்டியும் சரக்கோலும்

பினாங்கில் மலையேறும் பழக்கம் உள்ளவர்களுக்கு ‘ஹேஷ்’ என்றால் விளக்கம் தேவையில்லை. தண்ணீர்மலைக்குப் பின்பக்கமோ ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பக்கமோ நடக்கும்போது புதர்களின் மேல் துண்டு துண்டாகத் தாள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். எவன்டா காட்டுக்குள்ள குப்பை போட்டது என்று திட்டியும் இருப்பீர்கள். அது குப்பை இல்லை, வழித்தடம். முன்னால் போன ‘முயல்கள்’ போட்டுவிட்டுப் போனது. பின்னால் ஒரு கூட்டம் அந்தத் தாளைத் தேடிக்கொண்டு ஓடி வரும்.

1938-இல் கோலாலம்பூரில் சில வெள்ளைக்காரர்கள் தொடங்கிய விளையாட்டு இது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் கிஸ்பர்ட் என்ற கணக்காளர். 1942-இல் சிங்கப்பூரில் ஜப்பானியருடன் நடந்த போரில் இறந்துபோனார். சிலாங்கூர் கிளப்பின் சாப்பாட்டுக்கூடத்துக்கு அவர்கள் வைத்திருந்த கேலிப்பெயர்தான் ‘ஹேஷ் ஹவுஸ்’. பினாங்குக் குழு 1965-இல் பிறந்தது. இன்று உலகம் முழுக்க இதே பெயரில் குழுக்கள் இருக்கின்றன. (அந்த 1938-இல் நம்ம தாத்தாக்களும் விடியற்காலையில் ரப்பர் காட்டுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்கு யாரும் பொழுதுபோக்கு என்று பெயர் வைக்கவில்லை.)

இந்த ஓட்டத்தின் விதிகளை யோசித்தவர் யாராக இருந்தாலும் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. தாள் திடீரென்று ஓரிடத்தில் நின்றுவிடும். முன்னால் ஓடுகிறவர்கள் நாலு திசையிலும் பிரிந்து தேடவேண்டும். மூன்று திசை பொய்யாக இருக்கும். போய், ஏமாந்து, மூச்சிரைக்கத் திரும்பி வருவார்கள். யாராவது ஒருவர் சரியான தாளைக் கண்டுபிடித்து ‘ஆன் ஆன்’ என்று கத்துவதற்குள், பின்னால் மெதுவாக நடந்து வந்த தொப்பைக்கார அங்கிளும் முதல்முறை வந்த பையனும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். வேகமாக ஓடுகிறவனின் வேகத்தை வீணாக்குவதற்கென்றே செய்த ஏற்பாடு. மராத்தான் ஓடுகிறவரும் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிக்கலாம். 1950-இல் கோலாலம்பூர்க் குழுவைச் சங்கமாகப் பதிவு செய்தபோது சொன்ன நோக்கங்களும் சுவையானவை. உடம்பைத் தேற்றுவது, வார இறுதிப் போதையைத் தெளிவிப்பது, நன்றாகத் தாகம் எடுக்கவைத்துப் பீரால் அதைத் தீர்ப்பது, வயதானவர்களுக்கு அவர்கள் நினைக்கிற அளவு வயதாகிவிடவில்லை என்று நம்பவைப்பது. பழைய ஆட்களுக்குத் தைரியம் சொல்வதுதான் நோக்கமாக இருக்கிறது. புது ஆளை ஒரு வழி பண்ணுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் ஓட்டம் முடிந்ததும் வட்டம் கூடுகிறது. முதல்முறை வந்தவரை ஹேஷ் உலகத்தில் ‘விர்ஜின்’ என்று அழைப்பார்கள். கன்னி. ஆணோ பெண்ணோ, இருபதோ அறுபதோ, எல்லாருக்கும் அதே பெயர்தான். நடுவில் நிறுத்தி, யார் உன்னைக் கூட்டி வந்தது என்று கேட்பார்கள். ஒரே மூச்சில் பீர் குடிக்க வைப்பார்கள். நம் பக்கத்துக் குழுக்களில் ஐஸ்கட்டியின் மேல் உட்காரவைப்பதும் ஒரு வழக்கம். சுற்றிலும் பச்சையான பாட்டு. சில ஓட்டங்கள் போனபிறகு ஒரு பட்டப்பெயர் கிடைக்கும். அவற்றில் பலவற்றை அம்மாவிடம் சொல்ல முடியாது.

நியாயமாகச் சொல்லவேண்டும். பழைய ஆட்களும் ஐஸில் உட்காருகிறார்கள். புதுச் சப்பாத்து போட்டு வந்தவர், வட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர், எல்லாருக்கும் தண்டனை உண்டு. பலர் சிரித்துக்கொண்டேதான் உட்காருகிறார்கள். இதைப் பெரிய கொடுமை என்று எழுதினால் அது பொய். எனக்குள்ள கேள்வி சின்னது. மெதுவாக வருகிறவனுக்காக வழித்தடத்தையே மாற்றிப்போட்ட அதே கூட்டம், அவன் வந்து சேர்ந்ததும் ஏன் அவனை வேடிக்கைப் பொருளாக்குகிறது? “சும்மா ஜாலிக்குலா” என்பார்கள். ஜாலிதான். ஆனால் அந்த ஜாலியில் புது ஆளுக்கு என்ன வேலை, நகைச்சுவையைச் சொல்லும் வேலையா, நகைச்சுவையாக இருக்கும் வேலையா?

இதே ‘கன்னி’ தமிழில் இன்னோரிடத்திலும் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் நம் ஊரிலிருந்தும் மாலை போட்டுச் சபரிமலைக்குக் கிளம்புகிறார்கள். அந்தக் கூட்டத்தில் முதல்முறை போகிறவர் கன்னிச்சாமி. இரண்டு கூட்டங்களும் ஒரே உருவகத்தைத்தான் எடுத்திருக்கின்றன. நடத்துகிற விதத்தைப் பாருங்கள்.

கன்னிச்சாமி வீட்டில் கன்னி பூஜை நடக்கும். குருசாமியும் மற்றச் சாமிகளும் அவர் வீடு தேடி வந்து பஜனை பாடி, சாப்பிட்டுப் போவார்கள். எருமேலியில் பேட்டைத்துள்ளல். உடம்பெல்லாம் வண்ணம் பூசிக்கொண்டு ஆடுவது. கேலிக்கூத்து மாதிரிதான் இருக்கும். ஆனால் கன்னிச்சாமி தனியாக ஆடுவதில்லை, கூட்டமே சேர்ந்து ஆடும். பிறகு மலை ஏறும் வழியில் சரங்குத்தி. அங்கே ஒவ்வொரு கன்னிச்சாமியும் தான் கொண்டுவந்த சரக்கோலைக் குத்திவிட்டுப் போகவேண்டும். இதற்குப் பின்னால் உள்ள கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மாளிகைப்புறத்தம்மன் ஐயப்பனை மணக்கக் கேட்கிறாள். எந்த ஆண்டு ஒரு கன்னிச்சாமிகூட என்னைத் தேடி வரவில்லையோ அந்த ஆண்டு உன்னை மணக்கிறேன் என்கிறார் அவர். ஆண்டுதோறும் அவள் சரங்குத்தி வரை வந்து பார்க்கிறாள். கோல்கள் குவிந்து கிடக்கின்றன. திரும்பிப் போகிறாள்.

அவளுக்காக வருத்தப்படுவதா என்பது தனி விஷயம் (எனக்கு வருத்தம்தான்). இங்கே வேண்டியது கதையின் அமைப்பு. பதினெட்டு முறை மலையேறிய குருசாமியால் செய்ய முடியாத ஒன்றைப் புதிதாக வந்தவன் செய்கிறான். அவன் வராவிட்டால் கடவுளின் விரதமே முறிந்துவிடும். ஒரு கூட்டம் தன் தொடர்ச்சிக்குப் புது ஆளையே நம்பியிருக்கிறது என்பது எல்லாக் குழுக்களுக்கும் பொருந்தும் உண்மை. அதைச் சடங்காக்கி, புது ஆள் கையிலேயே கொடுத்து, எல்லாரும் பார்க்கக் குத்தவைத்திருப்பது அபூர்வம்.

சொல்லையும் பிரித்துப் பாருங்கள். கன்னிச்சாமி, குருசாமி. முன்னொட்டு மாறுகிறது, ‘சாமி’ மாறவில்லை. மாலை போட்ட அன்றே அவன் சாமி ஆகிவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற முதலாளிகூட அந்த நாட்களில் “சாமி, டீ குடிக்கிறீங்களா” என்றுதான் கேட்கவேண்டும். ‘விர்ஜின்’ என்ற சொல்லில் அப்படிப் பொதுவான எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அது ஒருவனைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறது. மறுவாரமே அந்தப் பெயர் போய்விடும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் முதல் நாளே ஓடிப்போனவர்களுக்கு மறுவாரம் ஏது?

இதற்காகச் சபரிமலையை முன்மாதிரி என்று தூக்கிப் பிடிக்கவும் முடியாது. பத்து முதல் ஐம்பது வயது வரையிலான பெண்களுக்கு அங்கே கன்னிச்சாமி ஆகும் வாய்ப்பே இருந்ததில்லை. 2018-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கித் தீர்ப்புச் சொல்லியும் சண்டை ஓயவில்லை. கோலாலம்பூரின் தாய் ஹேஷும் ஆண்களுக்கு மட்டும்தான். புது ஆளாக நிற்பதற்கே ஓர் அனுமதி தேவைப்படுகிறது. அது யாருக்குக் கிடைக்கிறது என்பது, உள்ளே வந்தவனை எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு முந்தைய கேள்வி. இவ்வளவு அன்பாக வரவேற்கிற கூட்டம் வாசலில் இவ்வளவு கறாராக நிற்பது தற்செயலா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. உள்ளே எல்லாரும் சாமி என்று சொல்ல, வெளியே யாராவது நிற்கவேண்டியிருக்கிறதோ என்னவோ.

ஐஸ்கட்டிக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. “நாங்களும் உட்கார்ந்தவங்கதான் தம்பி. அதுக்கப்புறம்தான் குடும்பம் மாதிரி ஆனோம்.” இதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். 1959-இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதையே சோதித்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேரக் கல்லூரி மாணவிகளை அழைத்தார்கள். சிலரைக் கூச்சப்படவைக்கும் ஆபாசச் சொற்களை ஓர் ஆண் முன்னால் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். சிலருக்கு லேசான சோதனை. சிலருக்கு எதுவுமே இல்லை. பிறகு எல்லாரையும் அந்தக் குழுவின் உரையாடலைக் கேட்கவைத்தார்கள். வேண்டுமென்றே தயாரித்த, கொட்டாவி வரவைக்கும் உரையாடல் அது. அதிகம் கூச்சப்பட்டவர்களுக்குத்தான் அது மிகவும் பிடித்திருந்தது.

அப்போ கஷ்டப்படுத்தினால் பாசம் வரும், வாதம் ஜெயித்துவிட்டது என்று தோன்றலாம். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. குழு சுமாராக இருந்தாலும் பட்ட அவமானம் அதைத் தங்கமாகக் காட்டுகிறது என்றால், அவமானப்பட்டவரின் சாட்சியம் அந்தக் குழுவைப் பற்றி எதையும் நிரூபிக்காது. இவ்வளவு பட்டுவிட்டு இது வீண் என்று யாரால் ஒத்துக்கொள்ள முடியும்? “எனக்கு நல்லதுதான் நடந்துச்சு” என்று சீனியர் மனமாரச் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் அப்படித்தான் சொல்வார். போதாததற்கு, பிடிக்காமல் போனவர்கள் அந்த வட்டத்தில் நின்று சாட்சி சொல்வதில்லை. அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

இந்த வாக்கியம் வேறொரு அளவில் என்ன செய்யும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் பிறகே 1997-இல் அங்கே ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஐஸ்கட்டியையும் அந்தக் கொலையையும் ஒரே தட்டில் வைத்தால் அது அயோக்கியத்தனம். ஒன்று மட்டும் பொது. அந்தச் சட்டத்துக்கு முன்பு விடுதிகளில் புகார் சொன்னவர்களுக்குக் கிடைத்த பதிலும் “நாங்களும் பட்டோம்” என்பதாகத்தான் இருந்தது.

கேலி வேண்டாம் என்றால் புகழ்ச்சியா என்று கேட்பீர்கள். அதுவும் ஒரு ஐஸ்தான், வேறு வகை ஐஸ்.

‘கத்துக்குட்டி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கற்றுக்குட்டி என்பதன் பேச்சு வடிவம். கேட்க எவ்வளவு செல்லமாக இருக்கிறது! ஆனால் தமிழ் விளையாட்டுப் பக்கங்களில் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று நினைவிருக்கிறதா? வங்காளதேசத்துக்கு 2000-இல் டெஸ்ட் தகுதி கிடைத்த பிறகும் அது கத்துக்குட்டி அணிதான். அயர்லாந்தும் கத்துக்குட்டி. 2007 உலகக் கோப்பையில், மார்ச் 17 அன்று, ஒரே நாளில் வங்காளதேசம் இந்தியாவையும் அயர்லாந்து பாகிஸ்தானையும் தோற்கடித்தன. மறுநாள் அந்தப் பெயர் ஒழிந்திருக்க வேண்டும் இல்லையா? ஒழியவில்லை. ‘கத்துக்குட்டியிடம் வீழ்ந்தது’ என்று, தோற்றவரின் அவமானத்தைப் பெரிதாக்க இன்னும் நன்றாகப் பயன்பட்டது. கன்னிச்சாமிக்கு ஒரு மலையேற்றம், ‘விர்ஜினு’க்கு ஒரு ஓட்டம். கத்துக்குட்டிக்கு எத்தனை வெற்றி என்று யாரும் எழுதிவைக்கவில்லை. முடிவுத் தேதி இல்லாத பெயர், நிலையின் பெயராக இருந்து சாதியின் பெயர் மாதிரி ஆகிவிடுகிறது.

நம் இலக்கியத்தில் அதற்கு இணை ‘வளரும் எழுத்தாளர்’. ஐம்பது வயதிலும் வளர்ந்துகொண்டே இருக்கிறவர்களை நமக்குத் தெரியும். “முயற்சி பாராட்டத்தக்கது, தொடர்ந்து எழுதுங்கள்” என்று முதுகைத் தட்டி அனுப்பிவிடுவார்கள். அந்தத் தட்டலில், நீ இன்னும் எங்களில் ஒருத்தன் ஆகவில்லை என்பதும் இருக்கிறது. கேட்டவருக்கு அது புரியும். எதை மாற்றவேண்டும் என்று மட்டும் புரியாது.

மலேசியாவில் இதற்கு மாறான ஒரு தொடக்கம் இருந்தது. 1950-இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு நாளிதழ் இடம் ஒதுக்கியது. பிறகு 1953-இல் அதே இதழுக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி, 1957 வரை இங்கிருந்தபோது இளம் எழுத்தாளர்களைக் கூட்டி உட்காரவைத்துப் படைப்புகளைப் பேசினார். ‘வகுப்பு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கொஞ்சம் வறட்சியான சொல். பாசம் கிடையாது. ஆனால் வகுப்பில் கேள்வி கதையைப் பற்றி இருக்கும், எழுதியவனின் தகுதியைப் பற்றி இருக்காது. கதையை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் கிழிக்கலாம். கிழித்தவரும் கிழிபட்டவரும் ஒரே காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், புது ஆளுக்கு ஒரு குழு தரக்கூடிய பெரிய மரியாதை அந்தக் கடுமைதான். ஐஸ்கட்டியில் அது இல்லை, “சூப்பர் தம்பி”யிலும் இல்லை. இரண்டிலும் அவன் செய்த காரியத்தை யாரும் பார்க்கவில்லை.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. வகுப்புக்கு வாத்தியார் வேண்டும், வாத்தியாருக்கு நேரம் வேண்டும். கேலிக்கு எதுவும் வேண்டாம். பத்துப் பேர் சேர்ந்த எந்தக் குழுவும் கேலியை இலவசமாக உற்பத்தி செய்துவிடும். அதனால்தான் எங்கும் ஐஸ்கட்டி மலிந்து கிடக்கிறது, வகுப்புகள் ஏழெட்டு ஆண்டில் காணாமல் போகின்றன.

கொடிமலைக்குத் தாவரவியல் பூங்காவிலிருந்து ஏறும் ஜீப் பாதையில் ‘84’ என்று நடப்பவர்கள் சொல்லும் ஓர் இடம் இருக்கிறது. தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்ளும் தேநீர்க் கொட்டகை. யார் வேண்டுமானாலும் குடிக்கலாம், காசு கட்டாயம் இல்லை. அங்கே யாரும் எத்தனையாவது தடவை என்று கேட்பதில்லை. தினமும் ஏறுகிற சீனத் தாத்தாவும், முதல்முறையாக வந்து முட்டி நடுங்க நிற்கிற நம்ம பையனும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். ரொம்ப நாளாக வருகிறவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால், கீழேயிருந்து பொருள் சுமந்து வருகிறவரைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.