பூட்டிய வீடும் நம் நிய்யத்தும்

கையில் நாலு காசு சேர்ந்தால் அதை வட்டிக்கு விட நமக்கு அனுமதியில்லை. ஆகவே நம் வியாபாரிகள் மிச்சம் பிடித்ததை வீட்டில் போடுகிறார்கள். ஜெலுத்தோங்கிலோ பாயான் பாருவிலோ ஒரு தாமான் வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவது ஹலாலான காரியம், அதில் ஐயமில்லை. ஆனால் விலை நாளுக்கு நாள் ஏறும் ஊரில், ஹலால் என்ற ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறதா?

நம் பினாங்கு இரு கோடிகளையும் கண்ட ஊர். 1966-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையைக் கட்டிப் போட்டது. வந்த சொற்பப் பணம் ஓடு மாற்றவும் போதாமல் சொந்தக்காரர் பலர் வீட்டைப் பாழாக விட்டார்கள். அது அவர்களுக்கு அநீதி. 1997-ல் சட்டம் ரத்தாயிற்று. 2000 ஜனவரியில் கட்டு அவிழ்ந்தது. வாடகை ஒரேயடியாக ஏற, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல மூட்டை கட்டின. இது குடியிருந்தோருக்கு அநீதி. 2008-ல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. பழைய கடைவீடுகள் பல ஹோட்டல்களாயின.

இந்த விலையேற்றத்தில் நம் உழைப்பு எவ்வளவு? 1972-ல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தது. வேலை தேடி ஜனங்கள் வந்தார்கள். வீட்டுக்குக் கிராக்கி வந்தது. ஊர் கூடி ஏற்றிய விலை இது. நாம் செய்ததெல்லாம் முந்தி வாங்கியதுதான்.

ஜகாத்தின் சட்டத்தைப் பாருங்கள். குடியிருக்கும் வீட்டுக்கு ஜகாத் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் விலைக்கும் இல்லை. வாடகைப் பணம் மீந்து நிசாபை எட்டினால் அதற்கு உண்டு. விற்று லாபம் பார்க்க வாங்கிய வீடோ வியாபாரச் சரக்கு. வருஷந்தோறும் அதன் விலையில் நூற்றுக்கு இரண்டரை கடமை. பெரும்பான்மை உலமாக்களின் தீர்ப்பு இது. ஒரே வீடு, நிய்யத்தால் மூன்றாகிறது.

நம்மில் சிலர் வீட்டை வாங்கிப் பூட்டி வைக்கிறோம். ஜகாத் எங்கே என்றால், "விற்கும் எண்ணமில்லை" என்கிறோம். வாடகைக்கு விடலாமே என்றால், "நல்ல விலை வரட்டும்" என்கிறோம். இரண்டு வாயால் பேசும் இந்த நிய்யத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அரிசியைப் பதுக்குவது பாவம் என்று அறிவோம். ஷாஃபி மத்ஹபில் அந்தத் தடை உணவுப் பொருளைப் பற்றியது, வீட்டைப் பற்றியதல்ல என்று வாதாடலாம். வாதில் வெல்லவும் வெல்லலாம். வீடு தேடி அலையும் குடும்பத்துக்கு அந்த வெற்றியால் கதவு திறக்குமா?

நஷ்டப்பட்டு வாடகைக்கு விடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வரி உண்டு, பழுது உண்டு, வாடகை பாக்கி வைப்பவரும் உண்டு. நமக்கும் ஒரு வீடுண்டு. ஒன்பது வருஷமாக அதில் ஒரே குடும்பம். புதியவர் 400 வெள்ளி கூடுதலாகத் தருவார் என்றார் தரகர். இரண்டு இரவு தூக்கமில்லை. பிறகு 100 வெள்ளி மட்டும் ஏற்றினோம். வரிக்கும் பழுதுக்கும் அது போதும். விட்ட 300 மாதாமாதம் மனத்தை உறுத்துகிறது என்பதையும் மறைக்கவில்லை. நஃப்ஸு இலேசில் அடங்குவதில்லை.

1801-ல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை எழுப்பிய காதர் முகைதீனும் ஒரு வியாபாரிதான். அவர் வாங்கி விற்ற சரக்கின் கணக்கு நமக்குத் தெரியாது. ஊருக்கு விட்டுச் சென்றது நிற்கிறது. ஆனால் சுற்றிலும் குடியிருப்போர் இல்லையென்றால் பள்ளியின் ஸஃப்பில் நிற்பவர் யார்? நம் கடைக்கு வருபவர்தான் யார்?

ஆகவே வீடு வாங்கும் அன்றே, குடியிருக்கவா, வாடகைக்கா, விற்கவா என்று கணக்குப் புத்தகத்தில் எழுதிவிடுவோம். எழுதக் கை கூசினால், அந்த வீட்டை வாங்காதிருப்போம். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.